எல்லாரும்னா யாரு யாரு?

அவரிடம் சுகம் சொல்ல எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் கொஞ்சம் பயம் உண்டு.

"வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று அவர் கேட்பார். ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். "எல்லாரும் சுகம்" என்று சொன்னால் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போக வேண்டும். அவர் போக மாட்டார். அங்கேயே நின்று, "எல்லாரும்னா யாரு யாரு?" என்பார். நாம் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரி, மூத்தவள், சின்னவன், அம்மா. சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு வருவார். ஒருவரை விட்டுவிட்டால் மறுநாள் பிடித்துக்கொள்வார்.

"நேத்து உம்ம அம்மையைச் சொல்லலையே வேய். என்ன செய்யுது அவங்களுக்கு?"

அவர் காயல்பட்டினத்துக்காரர். காயலில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டோம். நான் முதல் நாள் சார் என்று சொல்லிவிட்டேன். "சார்னா எனக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருக்கு" என்று திரும்பிப் பார்த்தார். மேனேஜர் மட்டும் பாய் என்பார்.

கம்பெனி துறைமுகம் போகிற சாலையில் இருக்கிறது. இறாலையும் கணவாய் மீனையும் உறைய வைத்துக் கப்பலுக்கு அனுப்புகிற இடம். நான் அங்கே கூட்டுவது, துடைப்பது, டீ வாங்கி வருவது என்று இருந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். மாப்பிள்ளையூரணியிலிருந்து சைக்கிளில் வருவேன். எனக்குப் பேச்சு வராது. ஒரு அறைக்குள் நான் போய் நின்றால், கொஞ்ச நேரம் கழித்துத்தான் அங்கே இருப்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

காக்காவுக்கு மாடியில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே ஓர் இரும்புச் சட்டத்தில் தட்டையான பெட்டிகள் நாலு, ஒன்றின் மேல் ஒன்று. அவற்றுக்கும் ஸ்விட்ச் என்றுதான் பேர். ஒவ்வொன்றிலிருந்தும் கொத்துக் கொத்தாக நீல வயர் போகும். ஆபீஸ் கம்ப்யூட்டர், எடை மிஷின், கேமரா, கேட், குளிர் ரூமில் எத்தனை குளிர் என்று காட்டுகிற கருவி, எல்லாம் அந்த நாலு பெட்டி வழியாகத்தான் பேசிக்கொள்ளும். அவற்றில் எதுவும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அதற்கு முன் பல வருஷம் சவுதியில் அதே வேலை பார்த்திருக்கிறார்.

எங்கள் ஊர்க் காற்றில் ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல். இரும்பு எதுவும் அதிக நாள் தாங்காது. அந்த அறையைத் தினமும் காய்ந்த துணியால் துடைக்க என்னை வைத்திருந்தார்கள். நான் துடைக்கும்போது அவர் வருவார். நாலு பெட்டியையும் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. குனிந்து காதை வைத்துக் கேட்பார்.

ஒரு நாள் மேனேஜர் கதவில் நின்று பார்த்துச் சிரித்தார். "என்ன பாய், பிள்ளைகளுக்கு இருமலா? அங்க ஸ்க்ரீன்ல பச்சை எரியுது. இங்க வந்து தொட்டுத் தடவிக்கிட்டு."

"பச்சை மேல உள்ளவனுக்கு சார்" என்றார் காக்கா.

மேனேஜர் போன பிறகு எனக்கு விளக்கினார். நான் கேட்கவில்லை. கேட்காதவனுக்கும் சொல்வது அவர் வழக்கம்.

"இங்கன பாரும். இது நாலும் தனித்தனிப் பெட்டி. ஆனா பின்னால ஒரு கேபிள் போட்டு ஒண்ணா கோத்திருக்கு. கோத்த பிறகு நாலுக்கும் சேத்து ஒரே பேரு. வெளியே இருந்து 'இருக்கியா'ன்னு கேட்டா மேல உள்ளவன் மட்டும் 'இருக்கோம்'னு சொல்லுவான். நாலு பேர் போற வள்ளத்துல ஒருத்தன் கையில மட்டும் வாக்கி டாக்கி இருக்குல்லா, அது மாதிரி. பின்னால இருந்தவன் கடல்ல விழுந்துட்டான்னு வையும். முன்னால உள்ளவன் திரும்பிப் பாக்காம 'சரியா இருக்கோம்'னுதான் சொல்லுவான். பொய் சொல்லணும்னு சொல்லலை. அவன் இருக்கான்லா, அதனால இருக்கோம்னு சொல்லுதான்."

ஸ்க்ரீனில் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி மாற்ற வேண்டும் என்று அவர் மேனேஜரிடம் பல தடவை சொல்லியிருந்தார். பச்சை எரியும்போது எதற்கு என்பது மேனேஜரின் பதில்.

பெட்டிகளிடம் கேட்பது சரி. மனிதர்களிடமும் அவர் அப்படியே கேட்டது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. லோடு ஏற்றுகிற ஒருவன் இருந்தான், தருவைகுளத்துப் பையன். ஒரு நாள் காலையில் காக்கா அவனிடம் சுகம் கேட்டார். எல்லாரும் சுகம் என்றான். "எல்லாரும்னா யாரு யாரு?" என்றார். அம்மா, தங்கச்சி, மகன் என்று சொல்லி நிறுத்தினான். அவர் மூன்று விரலை மடக்கிக்கொண்டு நின்றார். அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவன் கையிலிருந்த கூடையோடு அவரை ஒரு தள்ளு தள்ளினான். ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். எழுந்து பின்பக்கம் ஈரத்தைத் தட்டிவிட்டு, "அப்போ ஒரு ஆள் இல்லை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

"காக்காவுக்கு மண்டையில வயரு கழண்டுட்டு" என்று அன்றைக்கெல்லாம் பேசிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். சில இடத்தில் 'எல்லாரும்' என்ற சொல்லை ஒரு துணி மாதிரி மூடி வைத்திருப்பார்கள். அதைத் தூக்கிப் பார்க்க இவர் யார் என்றும் எனக்குத் தோன்றியது.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதை வேறொரு நாள் தெரிந்துகொண்டேன். ஏசி பழுதாகி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் டேபிள் ஃபேனைப் பெட்டிகள் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தரையில் உட்கார்ந்து வயர்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சவுதியில இருக்கும்போது வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் போடுவேன். என் கூடப்பிறந்த காக்காதான் எடுப்பான். எல்லாரும் சுகம்பான். உம்மா எங்கன்னு கேட்பேன். தொழுதுட்டு இருக்காங்கம்பான். அடுத்த வாரம் கேட்டா தூங்குறாங்க. அதுக்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்காங்க. லீவு கிடைச்சு வந்தேன். உம்மாவுக்குன்னு ஒரு கம்பளி வாங்கிட்டு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் காக்கா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலை. நேரா மையவாடிக்கு, உம்மாவை அடக்கின இடத்துக்குக் கூட்டிட்டுப் போனான்."

நான் ஃபேனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். 

"எதுக்கு மறைச்சேன்னு கேட்டேன். நீ வேலையை விட்டுட்டு ஓடி வந்திருவேன்னான். காக்கா கெட்டவன் இல்லை வேய். மேல இருக்கிறவன் விழுந்தவனுக்கும் சேத்து பதில் சொல்லணும்லா."

அந்தக் கம்பளியை என்ன செய்தார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது பெட்டி சரியில்லாமல் போனது. தொட்டால் என் கைக்கே சூடு தெரிந்தது. உள்ளே இருக்கிற காத்தாடி கொரகொரவென்று சத்தம் போட்டது. சில நாள் தானாக நின்று தானாக எழுந்துகொள்ளும். வேறு வாங்க வேண்டும் என்று காக்கா சொன்னார். பூஜை முடியட்டும் பார்க்கலாம் என்றார் மேனேஜர். குளிர் ரூமின் கேமரா, குளிர் காட்டும் கருவி, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அமுக்குகிற சிவப்புப் பட்டன், எல்லா வயரும் அந்த மூன்றாவது பெட்டியில்தான் இருந்தன. "அதையாவது வேற பெட்டிக்கு மாத்தட்டுமா? கொஞ்ச நேரம் குளிர் ரூம் லைன் நிக்கும்" என்று காக்கா கேட்டார். கப்பலுக்குச் சரக்கு ஏறுகிற நேரம், நிறுத்த முடியாது என்றார்கள்.

பூஜைக்கு எங்கள் கம்பெனியில் எந்த மிஷினையும் விட மாட்டோம். கத்திரிக்கோலிலிருந்து லாரி வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். காக்கா அதை ஒன்றும் சொல்ல மாட்டார். "விளக்கு மேல மட்டும் வைக்காதீரும், ஓரமா வையும்" என்பார். நானும் பெட்டியின் ஓரத்தில்தான் வைப்பேன். அந்த வருஷம் முதலாளி வந்திருந்ததால் மேனேஜரே கிண்ணத்தை வாங்கி, நாலு பெட்டியின் முகத்திலும் நடுவாக, பெரிதாக அப்பிவிட்டார். காக்கா அப்போது தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார்.

பொரி கொடுத்து முடிந்தது. எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது குளிர் ரூம் சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "ஏலே, உள்ள ஃபேனுக்குப் பொட்டு வச்சியா?" வைக்கவில்லை. "அதை மட்டும் விட்டா அது கோவிச்சுக்கிடும்லே. ஓடு."

செருப்பை வாசலில் விட்டுவிட்டு பூட்ஸை மாட்டினேன். காலையெல்லாம் தரை கழுவியதில் கால் ஈரமாக இருந்தது. ஒரு நிமிஷ வேலைதானே என்று கோட்டு எடுக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போனேன். ஃபேன் கடைசிச் சுவரில், அட்டைப்பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. நான் பொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தது. கதவு மூடுகிற சத்தம் கேட்டது. அதன் பின் பூட்டுச் சத்தம்.

சூப்பர்வைசர் என்னை அனுப்பியதை மறந்துவிட்டார். வேண்டுமென்று செய்ததாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. வாசலில் யாரோ அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், போனவர் திரும்பி வந்து கதவைப் பூட்டிவிட்டார். நான் அப்படி மற்றவர்கள் மறந்துபோகக்கூடிய ஆள்தான்.

இருட்டில் தடவிக் கதவுக்கு வந்தேன். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும் கதவுதான். வெளியே பூட்டுப் போட்டால் திறக்காது. பக்கத்தில் சிவப்புப் பட்டன் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் உடனே அதை அமுக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக மணி அடித்து, எல்லாரும் ஓடி வந்து, என்னால் இத்தனை பேருக்குத் தொந்தரவு என்று ஆகிவிடுமே என்று கூச்சமாக இருந்தது. சூப்பர்வைசருக்குத் தானாக ஞாபகம் வரட்டும் என்று நின்றேன். கதவைத் தட்டினேன். அந்தக் கதவு தலையணை மாதிரி கனம், தட்டுவது எனக்கே கேட்கவில்லை. பல் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் பட்டனை அமுக்கினேன்.

பட்டனில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்பாடா என்று இருந்தது. வந்துவிடுவார்கள் என்று நின்றேன். திரும்ப அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் விளக்கு ஒழுங்காக எரிந்தது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த சந்தனம் கிண்ணத்தோடு கல்லாகிவிட்டது. கால் வலித்துக்கொண்டே இருந்து பிறகு வலி நின்றது. வலி நின்றதும் நல்லதுக்கு என்று நினைத்தேன். வீட்டில் என்னை எப்போது தேடுவார்கள் என்று யோசித்தேன். பூஜை நாளில் நேரமாகும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். வெளியே இருந்தவர்களில் நான் இல்லை என்று யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஒருவர் முகமும் நிற்கவில்லை.

வெளியே நடந்ததைச் செக்யூரிட்டி பிறகு என்னிடம் சொன்னார்.

காக்கா தொழுகை முடிந்து நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். சந்தனம் வைக்கிற நாளில் பெட்டிகளை ஒரு தடவை பார்க்காமல் போக மாட்டார். வந்து மாடிக்குப் போயிருக்கிறார். ஸ்க்ரீனில் பச்சை. மூன்றாவது பெட்டியின் சந்தனத்தை விரலால் வழித்துப் பார்த்தால் உள்ளே விளக்கு இல்லை. தொட்டால் சில்லென்று இருந்திருக்கிறது. படி இறங்கி ஓடி வந்தார். சூப்பர்வைசர் கேட் பக்கம் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"குளிர் ரூம்ல எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"எல்லாரும் போயாச்சு காக்கா."

"எல்லாரும்னா யாரு யாரு?"

"ஆரம்பிச்சாச்சு" என்று செக்யூரிட்டியைப் பார்த்துச் சிரித்திருக்கிறார் சூப்பர்வைசர். "காக்கா, பொரி வாங்கிட்டுப் போங்க. நல்ல நாளு."

"சொல்லும் வேய். ஒவ்வொருத்தரா சொல்லும்."

அவர் சொல்ல, காக்கா விரல் மடக்கியிருக்கிறார். பேக்கிங் பெண்கள், லோடு ஆட்கள், டிரைவர். முடிந்தது என்று சூப்பர்வைசர் கையை விரித்தார். காக்கா என் பேரைச் சொன்னார்.

"அவனா? அவன் எப்பவோ போயிருப்பான்."

"பாத்தீரா?"

"அவனை யாரு காக்கா பாத்தா?"

குளிர் ரூம் வாசலில் என் செருப்பு கிடந்தது.

கதவு திறந்து வெளிச்சம் வந்தபோது எனக்கு யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. ஒரு கை மட்டும் என் நெற்றியில் புறங்கையாகப் படிந்தது. அது யார் கை என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இடது காலில் ரெண்டு விரலை எடுத்தார்கள். மறுநாள் காக்கா வந்தார். வார்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டில் பக்கம் நின்று, "காலு எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு காக்கா."

"ஒவ்வொரு விரலா சொல்லும்."

என் வீட்டுக்காரி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். நான் சொன்னேன். பெருவிரல் இருக்கு. அடுத்தது இருக்கு. நடுவிரல் இருக்கு. அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அவர் மடக்கிய விரலோடு நின்றார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கம்பெனியில் விசாரித்தார்கள். மேனேஜர், ஸ்க்ரீனில் பச்சை எரிந்தது, பச்சையைத்தான் நான் நம்ப முடியும் என்றார். சூப்பர்வைசர், மணி அடித்திருந்தால் திறந்திருப்பேன் என்றார். மணி அடிக்காமல் போனதற்குப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர்தான் பொறுப்பு என்று முடிந்தது. காக்காவைப் போகச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் முன்னாலேயே சொன்னீர்களே, அதைச் சொல்ல வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியது கிடையாது.

"சொன்னேன். மேனேஜரும் சொன்னாரு. முதலாளிக்கு யார் சொல்லுறது கேக்கும்? மேல உள்ளவன் சொல்லுறதுதான் வேய் கேக்கும்" என்றார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். இங்கே யாரும் வேலை கொடுக்கவில்லை. கல்யாணத்தை முடித்துவிட்டு, அந்த வயதில் திரும்பவும் சவுதிக்குப் போனார். போகும்போது காயல் வீட்டு நம்பரைக் கொடுத்தார். "அங்கன என் காக்கா எடுப்பான்" என்றார்.

எனக்குக் கம்பெனியில் கேட் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். இப்போது ஸ்க்ரீனில் நாலு பெட்டிக்கும் தனித்தனி விளக்கு. பூஜைக்கு மேனேஜர் ஓரமாகத்தான் பொட்டு வைக்கிறார்.

காக்கா வெள்ளிக்கிழமை போன் பண்ணுவார். என் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்பார். கடைசியில், "இருக்கிற விரலெல்லாம் சுகமா?" என்பார். நான் அவரைக் கேட்டால், "இங்க நல்ல சூடு, நெஞ்சுல கொஞ்சம் சளி" என்பார். பாலைவனத்தில் என்ன சளி என்று நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அவருடைய நம்பரைப் போட்டால் அரபியில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். காயல் வீட்டுக்குப் போட்டேன். அவருடைய அண்ணன் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, நீரா. தம்பி சொல்லுவான் உம்மைப் பத்தி."

"வீட்டுல எல்லாரும் சுகமா அண்ணாச்சி?"

"அல்ஹம்துலில்லாஹ். எல்லாரும் சுகம்."

சரி என்று சொல்லி வைத்துவிடத்தான் எனக்கு வரும். ஐம்பது வயது வரைக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.  இந்தத் தடவை வைக்காமல் கேட்டேன்.

"எல்லாரும்னா யாரு யாரு அண்ணாச்சி?"

 அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே எங்கேயோ ஒரு பெண் சிரித்தாள். அவர் எழுந்து நடக்கிற சத்தமும், ஒரு கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்டன.

"நான் சுகம்" என்றார். "என் வீட்டுக்காரி சுகம். தம்பி பொண்டாட்டி சுகம். தம்பி மவ சுகம், நிறைமாசமா இருக்கா."

நான் நாலு விரலை மடக்கியிருந்தேன். கட்டைவிரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"பேறுகாலம் முடியட்டும் வேய்" என்றார், குரலை இறக்கி. "பொம்பளைகளுக்கு இன்னும் சொல்லலை."